காந்தம் ஒட்டினால் எஸ்எஸ் இல்லையா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடுகளும் அவற்றின் வேலையும்

[திரையில்: 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஒன்று. நடுவில் வைத்த காந்தம் நழுவி விழுகிறது. வளைத்த மூலையில் வைத்தால் லேசாகப் பிடிக்கிறது.]

ஒரே தகடுதான். நடுவில் ஒட்டாத காந்தம் மூலையில் ஒட்டுகிறது. உடனே "போலிச் சரக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 304 தகட்டைச் சூடாக்காமல் வளைக்கும்போது அந்த இடத்தில் ஆஸ்டெனைட் என்ற, காந்தம் இழுக்காத படிக அமைப்பில் ஒரு பங்கு மார்ட்டென்சைட் என்ற வேறு அமைப்பாக மாறிவிடும். மார்ட்டென்சைட்டைக் காந்தம் இழுக்கும். அதேசமயம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201-லும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பி கிரேடு சொல்ல முடியாது.

துருவைத் தடுப்பது குரோமியம். அது குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால், ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் போடும். கீறல் விழுந்தாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். நீங்கள் பயன்படுத்தப்போகும் இடத்தில் இந்தப் படலத்தை எது உடைக்கும் என்று பாருங்கள். கிரேடு அதிலிருந்துதான் முடிவாகும்.

[திரையில்: 304, 316, 2205 துண்டுகள் வரிசையாக.]

304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். பால் டேங்க், சிங்க், உணவு ஆலைக் குழாய் எல்லாவற்றுக்கும் இது போதும். உப்பு வந்தால் கதை வேறு. குளோரைடு படலத்தைக் குத்தி ஊசித்துளை போடும். 316-இல் உள்ள 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் அதைத் தாங்க உதவும். கடலோர வேலைக்கும் மருந்து ஆலைக்கும் 316 போவது இதனால்தான். ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான குளோரைடு நீரும் இழுவிசையும் சேர்ந்தால் 304, 316 இரண்டிலுமே விரிசல் ஓடலாம். அங்கே டூப்ளெக்ஸ் (இரண்டு படிக அமைப்புகள் கலந்த வகை) 2205 நல்ல தேர்வு. யீல்டு வலிமை (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் அளவு) ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் தகட்டின் தடிமனையும் குறைக்கலாம். 300 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம், நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

நிக்கல் இல்லாத 430 வீட்டு உபகரணப் பேனல்களுக்கும், 409 வாகன சைலன்சருக்கும் போகின்றன. 410, 420 சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும் வகை: பம்ப் ஷாஃப்ட், கத்தி, அறுவைக் கருவி. பேரிங்குக்கு 440சி.

[திரையில்: வெல்டிங் தையலின் இருபுறமும் மெல்லிய பழுப்புக் கோடு.]

இனி அதிகம் கெட்டுப்போகும் இடத்துக்கு வருவோம். துரு தையலில் இல்லை, அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, கவனியுங்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பகுதி சுமார் 425 முதல் 850 டிகிரிக்குள் நின்றால், கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் நுண்படிகத் துகள்கள் சந்திக்கும் எல்லைகளில் கார்பைடாகப் படியும். அதை ஒட்டிய இடம் குரோமியம் இழந்து அரிக்கும். கனமான தகட்டில் பல பாஸ் (ஒன்றன்மேல் ஒன்றாக வெல்டிங் அடுக்கு) போடும்போது இந்த ஆபத்து கூடும். தீர்வு, கார்பன் அதிகபட்சம் 0.03 சதவீதமுள்ள 304எல் அல்லது 316எல். ஃபில்லர் (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) 304எல்-க்கு 308எல், 316எல்-க்கு 316எல். மைல்டு ஸ்டீலோடு (சாதாரண இரும்பு) இணைக்க 309எல்.

குழாய் வெல்டிங்கில் உள்ளே ஆர்கான் பர்ஜ் கொடுங்கள், அதாவது ஆர்கான் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். கொடுக்காவிட்டால் உள்பக்கம் கரிந்து நீலமும் கறுப்புமாகிவிடும். அந்த நிறத்தைப் பிக்கிளிங் பேஸ்ட்டால் (அமிலப் பசை) எடுத்து, தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பேஸ்ட்டில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். கையுறையும் முகத்தை முழுதாக மூடும் கவசமும் இல்லாமல் தொடவே கூடாது. மைல்டு ஸ்டீலில் ஓடிய கிரைண்டிங் டிஸ்க்கையும் வயர் பிரஷ்ஷையும் எஸ்எஸ்-மேல் வைக்காதீர்கள். பதிந்த இரும்புத்தூள் ஈரம் பட்டதும் புள்ளிப்புள்ளியாகத் துருவேறும்.

[திரையில்: தகட்டில் அச்சிட்ட ஹீட் நம்பர், பக்கத்தில் மில் சான்றிதழ்.]

சரக்கு வந்ததும் தகட்டின் ஹீட் நம்பரை (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்ற எண்) ஆலை தரும் மில் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். சந்தேகமிருந்தால் எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையை அளக்கும் கைக்கருவி) குரோமியம், நிக்கல், மாலிப்டினம் அளவைச் சில நொடிகளில் காட்டிவிடும். அது கார்பனை அளக்காது. கையில் இருப்பது 304-ஆ, 304எல்-ஆ என்று தெரிய, ஸ்பார்க் அடித்து, அதன் ஒளியை வைத்துச் சோதிக்கும் ஓஇஎஸ் போன்ற, கார்பனை அளக்கும் கருவிக்குப் போக வேண்டும்.