பிள்ளை பத்தாவதை எங்கே எழுதும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, நம்புதாளை, ஏர்வாடி என்று நம் ராமநாதபுரம் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு கிடையாது. முன்பெல்லாம் வாப்பா மட்டும் போய் உழைத்துப் பணம் அனுப்புவார். இப்போது பிள்ளைகளையும் கூட்டிப்போகிற குடும்பங்கள் பெருகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் ரொம்பக் காலம் சேர்க்கை வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்து கேட்பார்கள்: "சார், அங்கே எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" நான் திருப்பிக் கேட்பேன்: "பிள்ளை பத்தாவதை எங்கே எழுதும்?"

ஏன் அப்படிக் கேட்கிறேன்? வளைகுடாவில் பிள்ளையின் விசா பெரும்பாலும் தகப்பனின் வேலையோடு கட்டுப்பட்டது. வேலை போனால் வீட்டோடு கிளம்ப வேண்டியதுதான். வேலை இருந்தும் கிளம்பியவர்கள் உண்டு. 2017 ஜூலையில் சவூதி அரசு, கூட இருக்கும் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் போட்டது. வருடா வருடம் நூறு நூறாக ஏறி, 2020இல் அது 400 ஆனது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1,600 ரியால். எத்தனை பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள் என்பது உங்கள் தெருவைப் பார்த்தாலே தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். சவூதியில் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். அதில் நம் பத்தாவது மாதிரி வருகிற ஐ.ஜி.சி.எஸ்.இ. என்பது இரண்டு வருடப் படிப்பு. அதில் ஒரு வருடத்தை முடித்திருந்தான். அதாவது நம் ஒன்பதாவது முடிந்த கணக்கு. தகப்பனார் பத்தாவதில் சேர்க்கக் கேட்டார். சி.பி.எஸ்.இ.யிலும் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்புதான். பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. பெற்றோரின் இடமாற்றம் போன்ற சில காரணங்களைத் தவிர நடுவில் புகுவது கடினம். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒன்பதாவதில்தான் சேர்க்க முடியும் என்றார்கள். ஒரு வருடம் போயிற்று.

கடைசியில் மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ந்தான். அங்கே முதல் பாடமே தமிழ். பையன் தமிழ் பேசுவான், நம் ஊர்த் தமிழை அவன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் பஸ் போர்டில் 'ஏர்வாடி' என்று இருப்பதைப் படிக்கத் தெரியாது. அவனுடைய ராத்தா, அதாவது அக்கா, ஐந்தாவது வரை இங்கே படித்துவிட்டுப் போனவர். அவருக்குத் தமிழ் வாசிப்பது மறக்கவே இல்லை. தினமும் பேப்பரை விரித்து, முதலில் தலைப்பு, அப்புறம் செய்தி என்று தம்பிக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார். பத்தாவதில் தமிழில் தேறிவிட்டான். நல்ல ராத்தா இருந்ததால் தப்பித்தான் என்றுதான் நான் சொல்வேன்.

அதனால்தான் தமிழ், தமிழ் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் ஒன்பதாவது வரை அரபி கட்டாயம். அதுவும் நல்லதுதான், படிக்கட்டும். ஆனால் தமிழுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில இந்தியப் பள்ளிகளில் இருக்கிறது. இல்லையென்றால் வீட்டில் தினம் கால் மணி நேரம் போதும். நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதினாலும் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

சரி, பள்ளிக்கு வருவோம். போர்டில் 'இன்டர்நேஷனல்' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரியாத், ஜித்தா, தம்மாமில் இருக்கிற இந்திய சமூகப் பள்ளிகளின் பெயரிலும் அந்தச் சொல் உண்டு, படிப்பு சி.பி.எஸ்.இ. தான். பத்திலும் பன்னிரண்டிலும் என்ன பரீட்சை என்று கேளுங்கள். நீட் எழுதும் ஆசை இருந்தால் பதினொன்று, பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நம் பன்னிரண்டாவது மாதிரி வருகிற 'ஏ லெவல்' படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று பாடம்தான் எடுப்பார்கள். எந்த மூன்று என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

துபாயில் கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு 2008 முதல் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து, தரம் போட்டு, அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எந்த வருடத்து அறிக்கை என்று பார்த்துப் படியுங்கள். சொந்தக்காரர் சொன்னார் என்று சேர்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். கட்டணம் கேட்கும்போது பஸ், புத்தகம், சீருடை, பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாய் பள்ளியில் சேர்ப்பவர்கள் உண்டு. அந்தச் சாலை நெரிசலில் பிள்ளை எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்று ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்கள். தூங்கி வழிகிற பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டமும் ஏறாது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மலேசியா, சிங்கப்பூர் பற்றிப் பேச நினைத்திருந்தேன். சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் சேருவதற்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும் தனித் தேர்வு உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. ஊருக்குக் கிளம்பும்போது டி.சி.யை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அந்த நாட்டுக் கல்வித் துறையின் முத்திரை வேண்டுமா, நம் தூதரகத்தின் முத்திரையும் வேண்டுமா என்று இங்கே சேரப்போகிற பள்ளியில் போன் போட்டுக் கேட்டு, அங்கேயே வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். நன்றி, வணக்கம்.