சேலத்து வெயிலில் ஃபீனால்: உருகுநிலை ஏன் முக்கியம்?

வணக்கம் மக்களே. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிற எங்கள் சின்ன ஆய்வகத்திலிருந்து பேசுகிறேன். மதியம் மூன்று மணி, வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது.

இந்தப் புட்டியைப் பாருங்கள், ஃபீனால். தோலை அரிக்கும், நச்சுள்ள வேதிப்பொருள். ஜனவரியில் வாங்கியபோது கட்டியாக இருந்தது. இப்போது சாய்த்தால் சளக் சளக்கென்று ஆடுகிறது. இதன் உருகுநிலை சுமார் 41 டிகிரி. ஈரம் சேர்ந்தால் அதற்கும் கீழேயே உருகிவிடும். கட்டி கொட்டினால் கரண்டியால் அள்ளிவிடலாம். திரவம் ஓடும், கையில் படும். பட்ட இடம் மரத்துப்போவதால் வலிகூட சரியாகத் தெரியாது, அதற்குள் தோல் வழியே உடம்பில் இறங்கிவிடும். எனக்கு இதை நினைத்தாலே பயம்தான். வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில், அதன் இயல்புகளைச் சொல்லும் 9ஆம் பிரிவில் உருகுநிலை இருப்பது சும்மா இல்லை.

சரி, எப்படி அளப்பது? கேப்பிலரி குழாயின், அதாவது மெல்லிய கண்ணாடிக் குழாயின், ஒரு முனையைச் சுடரில் காட்டி மூடுங்கள். அளக்கவேண்டிய பொருளின் நன்றாக உலர்ந்த தூளில் திறந்த முனையைக் குத்தி எடுத்து, குழாயை மெதுவாகத் தட்டினால் தூள் அடியில் இறுகும். 3 மில்லிமீட்டர் உயரம் போதும். அதைத் தெர்மாமீட்டர் குமிழோடு ஒட்டக் கட்டி, தீல் குழாயிலுள்ள (பக்கத்தில் கைப்பிடி மாதிரி வளைவுள்ள கண்ணாடிக் குழாய்) லிக்விட் பாரஃபின் எண்ணெயில் இறக்கி, குழாயைச் சுடரில் சூடாக்குங்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் சூட்டில் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இப்போது உள்ளே இருப்பது பென்சாயிக் அமிலம். 122 டிகிரியில் உருகும் என்று தெரிந்த பொருள் என்பதால், தெர்மாமீட்டரை முதலில் இதில்தான் சரிபார்ப்பேன். காலையில் அவசரப்பட்டுச் சுடரைக் கூட்டிவிட்டேன், 126 காட்டியது. அதனால் இந்த முறை 110 தாண்டியதும் நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான். பாருங்கள், தூள் ஓரத்தில் வியர்த்த மாதிரி ஆகிறது... 121. முழுக்கத் தெளிந்துவிட்டது, 122. இப்படி ஒரு டிகிரிக்குள் முடிந்தால் பொருள் சுத்தம். கலப்படம் இருந்தால் முன்கூட்டியே இளகத் தொடங்கி இழுத்துக்கொண்டே போகும்.

ஒருவர் கேட்டிருந்தார், ஏற்காட்டில் அளந்தால் மாறுமா என்று. மேலே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், உண்மை. ஆனால் உருகுநிலை அசையாது. அங்கே கட்டியாக இருக்கும் ஃபீனால் இங்கே தகரக் கொட்டகையில் உருகுவதற்கு வெயில்தான் காரணம். அதனால் சேலத்தில் வைத்திருப்பவர்கள் கோடையில் அதைத் திரவமாகவே நினைத்து, புட்டியை ஒரு தட்டுக்குள், கீழ் அலமாரியில் வையுங்கள்.