பெல்ட்டுக்கு அரை சதுர அடி தோல் போதும், ஆனால் அரை சதுர அடி வாங்கினால் பெல்ட் வராது!

ஒரு பெல்ட்டுக்கு எவ்வளவு தோல் வேண்டும்? ஒன்றரை அங்குல அகலம், நான்கு அடி நீளம். பெருக்கிப் பாருங்கள், அரை சதுர அடிதான். இந்தக் கணக்கை நம்பித்தான் முதன்முதலில் இரண்டு கிலோ துண்டுத் தோல் வாங்கினேன். மூட்டையைப் பிரித்தால் ஒன்றுகூட ஒரு முழம் தாண்டவில்லை. அதில் பெல்ட் போடக்கூடிய ஒரே ஆள் பூனைதான்.

வணக்கம். மலிவாகத் தோல் எங்கே கிடைக்கும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். யாரிடம் வாங்குவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பதனிடுவதைப் பற்றி ஒரே மூச்சில்: மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறியது வெஜ் டேன், விறைப்பானது, நனைத்து அச்சுப் பதிக்கலாம், குரோமிய உப்பில் சீக்கிரமே முடிவது குரோம் டேன், மெத்தென்றிருக்கும், பெரும்பாலும் விலையும் குறைவு. போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: தரையில் விரித்த முழுத் தோல்]

மாட்டுத் தோலை முதுகுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு பாதியும் ஒரு சைடு. பெரிய மாடென்றால் ஒரு சைடே 20 சதுர அடிக்கு மேல் வரும். முதுகை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும், இழுத்தாலும் அவ்வளவாக நீளாது. பெல்ட்டுக்கு அதுதான். தோள், கழுத்துப் பக்கம் சுருக்கக் கோடுகள் ஓடும். வயிறோ தளர்ந்த இடம். மாடு தின்னத் தின்ன விரிந்து கொடுத்த இடமல்லவா! அதனால்தான் அந்தத் தோல் மலிவு. அதில் பெல்ட் வெட்டினால், போட்டிருப்பவரின் தொப்பையோடு போட்டி போட்டுக்கொண்டு அதுவும் நீளும். ஆனால் சாவிக்கொத்துக்கும், தையல் பழகவும் அதே வயிற்றுத் தோல் அருமை. ஒரே மாடு, ஒரே பதனம், இரண்டு விலை. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான்.

சரி, யாரிடம் வாங்குவது? சிறிய பர்ஸ் செய்ய, பை தைக்கும் இடங்களில் மிஞ்சும் துண்டு போதும். சோபா செய்பவர்களிடம் பெரிய, மெல்லிய துண்டுகள் கிடைக்கும், சுருக்குப்பைக்குப் பொருத்தம். பெல்ட்டுக்கு வெட்டி வைத்த பட்டையாகவே வாங்கிவிடுங்கள், இல்லை நான்கு பேர் சேர்ந்து ஒரு சைடு எடுங்கள். தோல் ஆலைக்கே நேராகப் போனால், பெரும்பாலும் குறைந்தது இவ்வளவாவது வாங்க வேண்டும் என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள், தொழிற்சாலைகளில் மிஞ்சிய சரக்கை எடுத்து விற்கும் வியாபாரிகள்தான். அதே நிறம் திரும்பக் கிடைக்குமென்று மட்டும் நம்பாதீர்கள்.

கிலோ கணக்கில் தோல் வாங்குவதில் ஒரு பொறி உண்டு. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் ஒரு கிலோவை விரித்தால் வரும் பரப்பில், அதே ஒரு கிலோ 3 மில்லிமீட்டர் தோல் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே தடிமனைக் கேளுங்கள். அவுன்ஸில் சொன்னால் குழம்ப வேண்டாம், அது இங்கே எடையல்ல, தடிமன்: ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர். அப்புறம், துண்டுகள்மேல் அளவுகோலை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் என் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதில் இன்னும் ஒன்றரை கிலோ அப்படியே இருக்கிறது. சாவிக்கொத்து செய்து செய்து சொந்தக்காரர்களே என்னைக் கண்டால் ஒளிகிறார்கள். வேறென்ன செய்யலாம் என்று கீழே எழுதுங்கள், ப்ளீஸ்.