செகண்ட் ஹேண்ட் காரில் கரண்ட் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்கினவர்கள் என் கடைக்கு வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பேட்டரி வீக் போல, புதுசு போட்டுடலாமா?" போட்டுவிடலாம், எனக்கும் வியாபாரம்தான். ஆனால் கோளாறு வேறிடத்தில் இருந்தால் அந்தப் புதுப் பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும். அப்புறம் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் விஷயத்தில் நான் சொல்ல அதிகம் இல்லை. "போன மாசம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் சொல்வார். பில் இருந்தால் நம்புங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் அதை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்து பெரிய செலவு வைக்கும். மற்றதை உங்கள் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். நான் ஒயரிங் வேலை செய்கிறவன், அதற்கு வருகிறேன்.

பழைய வண்டியில் கம்பெனி போட்ட ஒயரிங் சாமானியத்தில் கெடாது. பிற்பாடு யாரோ வெட்டி முறுக்கி டேப் சுற்றின இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். ரிவர்ஸ் கேமரா, ஆம்ப்ளிஃபயர், ஏர் ஹார்ன், கலர் லைட் என்று முந்தைய ஓனர் ஆசைப்பட்டு மாட்டியதெல்லாம் வண்டியோடு சேர்ந்து உங்களிடம் வந்திருக்கும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்பே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12 என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரசரவென்று இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12.5லேயே நின்றால், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்தே வற்றும். புது மாடல்களில் வண்டியின் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்கும். அதனால் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

பேட்டரியும் நன்றாக இருக்கிறது, டைனமோவும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் செல்ஃப் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? எர்த்தைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் தடித்த ஒயர் போகும். அது முறுக்கியிருக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால், கண்ணுக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் கரண்ட் போகாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பில். இப்போது ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். புது செல்ஃப் மோட்டாருக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்தவர்கள், உப்புத்தாள் செலவோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பின்லைட்டிலும் இதே கதைதான். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? பல்பு மாற்றிப் பயனில்லை. எர்த் கிடைக்காத கரண்ட், பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கிறது.

அடுத்தது, நிற்கிற வண்டியில் சார்ஜ் இறங்குவது. என் கடைக்கு ஒரு சின்ன பெட்ரோல் கார் வந்தது, 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதுவும் புதிது. வாரநாளில் சிக்கலே இல்லை, திங்கட்கிழமை காலை மட்டும் ஸ்டார்ட் ஆகாது. வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்தினால் திங்கள்தான் எடுப்பார்கள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மாட்டினோம். எல்லாம் அணைந்து அரை மணி நேரம் ஆன பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் காட்ட வேண்டியது, 300 காட்டியது. ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர் ஹவருக்கு மேல் போகிறது. திங்களுக்குள் பேட்டரி பாதி காலி. சீட்டுக்கு அடியில், பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயரில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், சாவியை எடுத்த பிறகும் விழித்துக்கொண்டு இருந்தது. அந்த ஒயரில் ஃபியூஸ்கூட இல்லை. உரசித் தோல் கிழிந்திருந்தால் தீப்பிடித்திருக்கும்.

நீங்களே இதைச் செய்வதானால், மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். எந்த லைன் என்று கண்டுபிடிக்க ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. அதைவிட, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். சுழி காட்டினால் அதில் கரண்ட் ஓடவில்லை, ஏதாவது காட்டினால் அந்த லைன்தான். பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அப்போதுதான் ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

ஃபியூஸ் பெட்டியில் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியில் 15 என்று போட்டிருக்கும் இடத்தில் பச்சை செருகியிருந்தால், அங்கே பழைய ஓனர் எதையோ மூடி மறைத்திருக்கிறார். ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 போட்டிருந்தால் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், வெந்து பழுப்பேறியிருக்கும். ரிலே (பல்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் தானியங்கி சுவிட்ச்) வைக்காமல் இந்தப் பல்பு போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

வெள்ளத்தில் மூழ்கின வண்டியைப் பற்றியும் கேட்பார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை அங்கே தங்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் போகும் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் உலோக ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். அப்படி இருந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். இன்று ஹார்ன், நாளை பவர் விண்டோ, மறுநாள் மீட்டர் என்று தொடரும்.

இன்னொன்று. ஓட்டிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், சார்ஜ் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். உடனே டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் டைனமோவைச் சுற்றும் பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. முள் மேலே ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாமல் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். முள் ஏறவில்லையென்றால், பேட்டரியில் மிச்சமிருக்கிற சார்ஜில் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போய்விடலாம். வழியில் எங்கும் எஞ்சினை ஆஃப் செய்யாதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காது.

நன்றி, வணக்கம்.