கூட்டம் வந்தது, ஓட்டு வந்ததா?

எல்லோருக்கும் வணக்கம். தேர்தல் பிரசாரத்தில் பிரபலங்களின் ஆதரவு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேருக்கு 1996 ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அதுதான் வந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தச் சட்டமன்றத் தேர்தலில் ரஜினிகாந்த், தி.மு.க. - த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணியை ஆதரித்தார். ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று அவர் சொன்னது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 4 இடங்கள். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். ஒரே ஒரு வாக்கியம் ஆட்சியைக் கவிழ்த்தது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எட்டு வருடம் தள்ளி வாருங்கள். 2004 மக்களவைத் தேர்தல். பா.ம.க. நின்ற ஆறு தொகுதிகளிலும் அதற்கு எதிராக வேலை செய்யுங்கள் என்று அதே ரஜினி தன் ரசிகர்களிடம் சொன்னார். நதிநீர் இணைப்புக்காகத் தன் ஓட்டு பா.ஜ.க.வுக்கு என்றும் அறிவித்தார். என்ன நடந்தது? ஆறிலும் பா.ம.க. ஜெயித்தது. தமிழ்நாட்டில் பா.ஜ.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை.

இடைப்பட்ட காலத்தில் ரஜினிக்கு ரசிகர்கள் குறைந்துவிட்டார்களா என்ன? 1996-ல் ஆட்சி மீது கோபம் முன்பே கொதித்துக்கொண்டிருந்தது. ஊழல் புகார்கள், முந்தைய ஆண்டு நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரம், காங்கிரசிலிருந்து பிரிந்து மூப்பனார் தொடங்கிய த.மா.கா. என்ற புதுக் கட்சி, எல்லாம் சேர்ந்துகொண்டன. மக்கள் மனத்தில் இருந்ததை ரஜினி அன்று வாய்விட்டுச் சொன்னார். 2004-ல் சொன்னது அவர் மனத்தில் இருந்ததை. காற்றடிக்கும் திசையில் பாய் விரித்தால் படகு போகும். நடிகர் ஊதிக் காற்று கிளம்பாது.

இது சினிமா பார்த்துக் கெட்டுப்போன நமக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். 1920-லேயே வாரன் ஹார்டிங் என்ற அமெரிக்க அதிபர் வேட்பாளரின் வீட்டு வாசலுக்கு, அல் ஜோல்சன் என்ற பாடகர் நாடகக் கலைஞர்கள் கூட்டத்தோடு போய் அவருக்காகப் பாடினார். ஹார்டிங் சுமார் 60 சதவீத ஓட்டு வாங்கினார். பாட்டு இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார் என்பது என் கணக்கு. போர் முடிந்த களைப்பில் மக்கள் ஆளும் கட்சியை வெறுத்துப் போயிருந்தார்கள்.

அப்போ பிரபலங்களால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே. அதுவரை எந்த அதிபர் வேட்பாளருக்கும் ஆதரவு தெரிவிக்காதவர், 2007-ல் ஒபாமாவுக்காக வெளிப்படையாக நின்றார். அவரால் எத்தனை ஓட்டு வந்தது என்று கிரெய்க் கார்த்வெயிட், திமோதி மூர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். போட்ட விதம்தான் அழகு. ஓப்ராவின் மாதப் பத்திரிகை எந்த மாவட்டத்தில் அதிகம் விற்கிறது, அவர் சிபாரிசு செய்த புத்தகங்கள் எங்கே அதிகம் போகின்றன என்று பார்த்து, அந்த மாவட்டங்களில் ஒபாமாவுக்கு விழுந்த ஓட்டோடு ஒப்பிட்டார்கள். கிடைத்த விடை, சுமார் 10 லட்சம் ஓட்டு. மதிப்பீடுதான், பெட்டியைத் திறந்து எண்ணியதில்லை.

ஆனால் அது எந்தத் தேர்தல் என்று கவனியுங்கள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஒபாமா, அவரோடு மோதிய ஹிலாரி கிளிண்டன் இருவரும் ஒரே கட்சி. கொள்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒபாமா பலருக்குப் புதுமுகம் வேறு. இப்படித் தடுமாறி நிற்கும்போது, நாம் நம்புகிற ஒருவர் தோளைத் தொட்டு ‘இவர் சரிப்பட்டு வருவார்’ என்றால் கேட்போம். கட்சி எது என்று தெரிந்துவிட்ட தேர்தலில் அதே தோளைத் தட்டினால், கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவோம்.

2018-ல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், டென்னசி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்கு நடந்த தேர்தலில் வேட்பாளர் ஃபில் பிரெடெசனுக்கு ஆதரவு என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 11 கோடிக்கு மேல். அடுத்த 24 மணி நேரத்தில் தங்கள் வழியாக நாடு முழுவதும் 65,000 பேர் வாக்காளர்களாகப் பதிந்ததாக ஒரு பதிவு அமைப்பு சொன்னது. பல மாநிலங்களில் பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கிய நேரம். எல்லாரையும் ஸ்விஃப்ட் கணக்கில் எழுத முடியாது. பிரெடெசன் பத்துப் புள்ளிக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்றார். 2024-ல் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸை ஆதரித்து ஸ்விஃப்ட் கொடுத்த இணைப்பின் வழியே ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் அரசின் வாக்காளர் பதிவு இணையதளத்துக்குப் போனார்கள். ஹாரிஸும் தோற்றார். பெயரைச் சேர்க்க வைப்பது ஒரு வேலை, நீ சொன்ன சின்னத்தில் குத்த வைப்பது வேறு வேலை. முதல் வேலையை நட்சத்திரங்கள் நன்றாகவே செய்கிறார்கள். கட்சிக்காரர்கள் இரண்டாவதற்குத்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

கேள்விகளுக்குப் போகலாம். எம்.ஜி.ஆரைப் பற்றிக் கேட்க யாரோ கை தூக்குவது தெரிகிறது. 1967-ல் கழுத்தில் கட்டோடு இருந்த அவர் படம் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போனது உண்மைதான். ஆனால் அவர் அந்தத் தேர்தலில் வேட்பாளர், கட்சியிலேயே வளர்ந்தவர். வெளியே நின்று கை காட்டிய கணக்கில் அவர் வரமாட்டார். அதற்குத் தனியாக ஒரு மாலை கொடுங்கள், வந்து பேசுகிறேன்.