'அடுத்து' பொத்தானை அழுத்தியது யார்?

அவையோருக்கு வணக்கம்.

இ-லேர்னிங் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எந்த மென்பொருளை வாங்கலாம் என்று சொல்லப் போகிறேன் என நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பணம் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பல ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நான் பயிற்சிப் பிரிவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். தீ பாதுகாப்புப் பாடம், 45 நிமிடம். அலுவலகத்தில் ஆளுக்கொரு கணினி, பிரச்சினை இல்லை. ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு ஓய்வறைக்குப் பக்கத்தில் இரண்டே கணினிகள். கடவுச்சொல் மறந்துவிட்டால் மாற்றுவதற்கான இணைப்பு அலுவலக மின்னஞ்சலுக்குப் போகும். அவர்களில் பெரும்பாலோருக்கு அலுவலக மின்னஞ்சலே கிடையாது! கூட்டம் மேல் கூட்டம் போட்டுத் திட்டமிட்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. உதவி மையத்தைக் கூப்பிடலாமே என்பீர்கள். அதை மாலையிலேயே பூட்டிவிடுவார்கள். இரவு ஷிப்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்?

அப்படியும் சில வாரங்களில் அறிக்கை முழுக்கப் பச்சை. எல்லோர் பெயருக்கு நேரேயும் 'முடித்தார்'. மேலிடத்தில் பாராட்டு. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. நள்ளிரவிலிருந்து விடியும் வரை, இடைவெளியே இல்லாமல் வரிசையாகப் பெயர்கள். ஒரு நாள் இரவு நேரில் போய்ப் பார்த்தேன். ஓர் இளைஞர் இரண்டு கணினிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் அட்டை. அதில் எல்லோருடைய பணியாளர் எண்ணும் கடவுச்சொல்லும். குரல் ஓடி முடிந்தால்தான் 'அடுத்து' பொத்தான் திறக்கும்படி நாங்கள் பூட்டி வைத்திருந்தோம். அவர் ஒலியை அணைத்துவிட்டு, இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு.

"லைன் நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார் சார். அதான் ஷிப்டுக்கு ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாருக்கும் முடிச்சுடுறோம்" என்றார். தீ பாதுகாப்பு பற்றி அந்த ஆலையில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

சூப்பர்வைசர் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அவருக்குக் கொடுத்த இலக்கு உற்பத்தி எண்ணிக்கை. 45 நிமிடம் ஆளை விட்டால் அந்தக் குறை அவர் கணக்கில்தான் விழும். வகுப்பறைப் பயிற்சி என்றால் நாள் குறித்து ஆளை விடுவித்தே ஆக வேண்டும். 'எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்று பெருமையாக அறிவித்த நாங்கள், அந்த நேரத்தை யாரிடமிருந்தும் கேட்டு வாங்கவில்லை.

அறிக்கை எப்படிப் பச்சையானது? பாடத்துக்கும், பாடங்களைக் கொடுத்துப் பதிவு வைக்கும் மென்பொருளான எல்.எம்.எஸ்ஸுக்கும் நடுவே பேசுவது ஸ்கார்ம் என்ற பொதுத் தொழில்நுட்ப விதிமுறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் 2000-இல் வந்தது. 2001-இல் வந்த 1.2 பதிப்பு இன்னும் ஓடுகிறது. முடித்தாரா, எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம் என்று அது சொல்லும். நாற்காலியில் இருந்தது யார் என்று சொல்லாது. இன்னொரு கூத்து: பாதியில் விட்ட இடத்தை நினைவில் வைக்க அந்தப் பதிப்பில் 4,096 எழுத்துகளுக்குத்தான் இடம். நீளமான பாடத்தில் அது நிரம்பிவிட்டால், திரும்பி வருபவர் ஏற்கெனவே படித்த பக்கத்தில் போய் நிற்பார். நாமோ அவருக்கு அக்கறையில்லை என்று எழுதிவிடுவோம்.

சரி, என்ன செய்தோம்? பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினோம். கடவுச்சொல்லை ஷிப்டிலேயே மாற்ற வழி செய்தோம். இதெல்லாம் சில நாள் வேலை. படிக்கும் நேரத்தை ஷிப்டு அட்டவணையிலேயே எழுதி, அதற்கு ஏற்ப உற்பத்தி இலக்கைக் குறைக்க வைப்பதற்குத்தான் மாதக்கணக்கில் அலைந்தோம்.

கையெழுத்தாகி வந்த அன்று அந்த இளைஞரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இந்த அட்டையை என்ன சார் பண்றது?" என்றார்.