12 வயசு ஜூடித் போல்கர், 17 மூவ், ஒரு குயின் சாக்ரிஃபைஸ்

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஒரு குட்டி செஸ் கேம், மொத்தமே 17 மூவ் தான், ஆனா அந்தக் கடைசி மூவ் ரெண்டு நாளைக்கு மண்டைய விட்டுப் போகாது. 1988, கிரீஸ்ல தெஸ்ஸலோனிகி செஸ் ஒலிம்பியாட், அதாவது நாடுகள் டீமா மோதற போட்டி, அதுல பெண்கள் பிரிவு. ஒயிட் ஹங்கேரியோட ஜூடித் போல்கர், வயசு 12. பிளாக் பல்கேரியாவோட பாவ்லினா அங்கெலோவா.

ஓப்பனிங் சிசிலியன் (ஒயிட் இ4க்கு பிளாக் சி5), மூணாவது மூவ்ல பிஷப் பி5, அதாவது சிசிலியன்லயே ரோஸ்ஸோலிமோங்கற வகை. பி5, ஜி7 மாதிரி வர்றதெல்லாம் போர்டுல கட்டத்தோட பேரு. இத வேகமா ஓட்டிடலாம். பிளாக் ஜி6 தள்ளி பிஷப்ப ஜி7ல வைக்கறாங்க, ஜூடித் கேஸ்லிங் (கிங்கையும் ரூக்கையும் ஒரே மூவ்ல நகர்த்தறது) பண்ணிட்டு சி3, டி4னு சென்டர உடைக்கறாங்க, ஒரு ஜோடி நைட் மாறுது, அப்புறம் 9வது மூவ்ல பான் (சிப்பாய்) இ5, அடுத்து பிஷப் ஜி5, அடுத்து டி4 பான குயினாலயே வெட்டுறாங்க, பிளாக் நைட் சி6 வந்து விரட்டுனதும் குயின் நேரா எச்4.

இங்க நிப்போம், போர்டப் பாருங்க. பிளாக் கிங்க சுத்தி எஃப்6, எச்6 ரெண்டு கட்டமும் ஓட்டை, அதுக்கு ஜி7ல இருக்க பிஷப் தான் முக்கியமான வாட்ச்மேன். இன்னொன்னு, டி7 பான் நகரவே இல்ல, அதனால சி8 பிஷப் வெளிய வர முடியல, அதுக்குப் பின்னாடி ஏ8 ரூக்கும் மாட்டிக்கிட்டு இருக்கு. இத மறந்துடாதீங்க.

பிளாக் குயின் பி6 வந்து பி5 பிஷப்ப அடிக்குது, ஜூடித் நைட் சி3 வச்சு காப்பாத்துறாங்க. பிளாக் பிஷப் இ5 பான வெட்டுது, உடனே ஏ1 ரூக் இ1க்கு வந்து அந்த பிஷப்ப அடிக்குது. இப்போ அங்கெலோவா யோசிச்சது என்னன்னா, சி3 நைட்ட வெட்டிட்டா பி5 பிஷப்புக்கு காவல் போயிடும்ல, அப்போ அதையும் சாப்பிடலாம். கணக்கு சரிதான், வெட்டுனாங்க, பி பானால திருப்பி வெட்டு, குயின் பி5 பிஷப்ப சாப்பிட்டாச்சு, பிளாக் ஒரு பீஸும் ஒரு பானும் கூட. ஆனா அந்த வாட்ச்மேன் பிஷப் போர்டுலயே இல்ல! என்னைக் கேட்டா கேம் போனது இந்த 14வது மூவ்ல தான்.

16, குயின் எச்6. அடுத்து பிஷப் எஃப்6 வந்தா ஜி7ல மேட். பிளாக் அதப் பாத்துட்டு குயின எஃப்5க்கு கொண்டு வந்து எஃப்6அ மூடிட்டாங்க. வீடியோவ பாஸ் பண்ணி நீங்களே தேடுங்க, உண்மையாவே தேடுங்க.

17, குயின் எஃப்8 ரூக்க வெட்டி செக்!! குயினையே கொடுத்துட்டாங்க. கிங் வெட்டித்தான் ஆகணும். அடுத்து பிஷப் எச்6 செக், இ7, இ8 ரெண்டையும் இ1 ரூக் பாத்துக்குது, ஜி7 பிஷப் கையில, கிங் ஜி8க்கு மட்டும் தான் போக முடியும். அப்புறம் ரூக் இ8, மேட். ஏ8 ரூக் வந்து வெட்டலாமேன்னு கேப்பீங்க, நடுவுல சி8 பிஷப் நிக்குதே, எப்படி வரும்? அந்த பிஷப் ஒரே ஒரு தடவ வெளிய வந்திருந்தா இந்த குயின் சாக்ரிஃபைஸே கிடையாது. எதிராளி கிங்குக்கு எதிரா அவங்க பீஸையே சுவரா நிறுத்தி கணக்குப் போட்டிருக்கு ஒரு 12 வயசுப் பொண்ணு, எனக்கு இப்பப் பாத்தாலும் சிலிர்க்குது! அங்கெலோவா குயின் வெட்டுனதுமே ரிசைன் பண்ணிட்டாங்க.

ஜூடித் அந்த ஒலிம்பியாட்ல 13 கேம்ல 12.5 பாயிண்ட் எடுத்தாங்க. அக்காங்க சூசன், சோஃபியாவும் அதே டீம் தான், கூட இல்டிகோ மாட்ல். 1957ல பெண்கள் ஒலிம்பியாட் ஆரம்பிச்சதுல இருந்து கலந்துக்கிட்ட ஒவ்வொரு தடவையும் தங்கம் ஜெயிச்ச சோவியத் டீம ஹங்கேரி தாண்டுனது வெறும் அரை பாயிண்ட் வித்தியாசத்துல, 33க்கு 32.5.